ஆறாம் வகுப்பு ஆங்கிலம்: ஒப்பிக்கிறார்கள், வாசிக்கத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஓலைக்கீற்று கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை நான். பணியில் சேர்ந்து இது நான்காவது ஆண்டு. இங்கே மூத்த ஆசிரியர்கள் பலர் இருப்பதால், சில மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற மாதம் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பி, பாடத்தின் இரண்டாம் பத்தியை வாசிக்கச் சொன்னேன். தங்குதடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். எனக்கே பெருமையாக இருந்தது. அருகில் போய்ப் பார்த்தபோதுதான் அவன் விரித்து வைத்திருந்தது அடுத்த பாடத்தின் பக்கம் என்று தெரிந்தது. சரியான பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, பத்தியின் நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவன் பத்தியின் முதல் சொல்லிலிருந்து உதட்டுக்குள் முணுமுணுத்தபடி, ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்திக்கொண்டே வந்து, என் விரல் இருந்த இடத்தை எட்டியதும் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டான். அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதிக் காட்டியபோது விழித்தான்.

அன்று மாலை 31 பேருடைய பாடநூல்களையும் வாங்கிப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆங்கில வரிகளின் தலைக்கு மேல் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் ஒலிபெயர்ப்பு எழுதப்பட்டிருந்தது. 'மெமரி போயம்' இருந்த பக்கத்தில் மட்டும் அதுவும் இல்லை. அதை வீட்டில் யாரோ சொல்லச் சொல்லக் காதாலேயே மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

வாசிக்கும் ஆசையை ஊட்டினால் இது மாறும் என்று நினைத்தேன். பள்ளியில் ஒரு பீரோ நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம் அவருக்கு. கெஞ்சி வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு ஆங்கிலக் கதைப் புத்தகம் கொடுத்து, திங்கட்கிழமை ஐந்து வரியில் சுருக்கம் எழுதி வரச் சொன்னேன். முதல் வாரம் பின்னட்டையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதி வந்தார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். மூன்றாம் வாரம் புத்தகம் வாங்கவே ஆள் இல்லை.

ஆங்கில வகுப்பில் தமிழ் ஒரு சொல்கூட வரக் கூடாது என்று நான் கலந்துகொண்ட ஒரு பயிற்சியில் வலியுறுத்தினார்கள். அதைக் கடைப்பிடித்துப் பார்த்தேன்; வகுப்பு அமைதியாகிவிட்டது, அவ்வளவுதான். எழுத்துகளின் ஒலியிலிருந்து மறுபடி தொடங்குவதா, கதையிலிருந்து தொடங்குவதா? ஆறாம் வகுப்பில் அதற்கெல்லாம் நேரம் உண்டா? காலாண்டுத் தேர்வு வேறு வருகிறது.

---

பனைநிழல் எழுதியது:

முதலில் அந்தப் பையனைப் பற்றி. நீங்கள் அதை ஒரு தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயில் வரும் ஒரு சொல்லுக்குத் தாளில் ஒரு சொல் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்கிறது, சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் பொருளும் தெரிந்திருக்கிறது. இடமிருந்து வலமாக விரலை நகர்த்தி, எண்ணிக்கை பிசகாமல் உங்கள் விரலை வந்து தொட்டிருக்கிறான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எழுத்துக்கூட்டத் தெரிந்தும் இந்தக் கணக்குப் பிடிபடாத பிள்ளைகள் உண்டு. அவனிடம் இல்லாதது ஒன்றுதான்: அந்தச் சொல்லை அதன் எழுத்துகளிலிருந்தே எடுக்கும் வழி.

அந்த வழி ஏன் அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். தமிழில் ஓர் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. 'ப', 'ட', 'ம்' என்று சொல்லிக்கொண்டே போனால் 'படம்' வந்துவிடும். இந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளையிடம் 'சி', 'ஏ', 'டி' என்று எழுத்துகளின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இது பூனையைக் குறிக்கும் 'கேட்' என்கிறோம். 'சியேடி' என்றல்லவா வர வேண்டும் என்று அவன் கேட்பதில்லை. கேட்டால் அடி விழும் என்று தெரியும். இங்கே எழுத்துகளைச் சேர்த்துப் பயனில்லை, முழுதாக மனப்பாடம் செய்வதே வழி என்ற முடிவுக்கு அவனாகவே வந்துவிடுகிறான். ஒரு வகையில் அது புத்திசாலித்தனமான முடிவும்கூட.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. எல்லாவற்றையும் ஆறாம் வகுப்பில் அரிச்சுவடியாக நடத்த முடியாது, வேண்டியதும் இல்லை. ஒலிவழி கற்பிப்போர் பலர் கையாளும் வரிசை ஒன்று உண்டு: எஸ், ஏ, டி (t), பி (p), ஐ, என் என்னும் ஆறு எழுத்துகளை மட்டும், பெயரால் அல்லாமல் ஒலியால், முதலில் சொல்லிக் கொடுப்பது. இந்த ஆறைக் கொண்டே ஊசி, முனை, உட்கார், தட்டு, தகரம், எறும்பு என்று பொருள்படும் சிறு சொற்கள் ஏராளமாக அமையும். மூன்றாம் நாளே பிள்ளை தானாக ஒரு சொல்லை எடுத்துவிடுவான். அந்த முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் நீங்கள் பாடத்திட்டத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டீர்கள்.

ஒலிக்கு அடங்காத சொற்களும் உண்டு. எட்வர்ட் டால்ச் என்னும் அமெரிக்கர் 1936இல் சிறுவர் நூல்களில் அடிக்கடி வரும் சொற்களில் பெயர்ச்சொற்களை விலக்கிவிட்டு 220ஐத் தொகுத்தார். அவற்றுள் பல எழுத்துக்கூட்டினால் வழிதவறும் சொற்கள். அவற்றை மட்டும் பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக்குங்கள், நாளைக்கு மூன்று போதும்.

அந்தப் பென்சில் ஒலிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். அதை அழிக்கச் சொல்லித் தண்டிக்காதீர்கள்; ஆனால் அது எப்படி ஏமாற்றும் என்பதைக் காட்டுங்கள். பலகையில் தமிழில் 'பெட்' என்று எழுதி, பொருள் கேளுங்கள். மெத்தை என்பான் ஒருவன், பந்தயம் என்பான் இன்னொருவன், வளர்ப்பு நாய்க்குட்டி என்பாள் ஒருத்தி. மூன்றும் சரிதான். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று எழுத்துக் கோவை. தமிழில் எழுதினால் ஒன்றே. 'கேட்' என்று எழுதினால் அது பூனையா, வாசற்கதவா? பத்து நிமிட விளையாட்டுதான். அதன் பிறகு வகுப்பில் பாதிப் பேர் பென்சிலைத் தாங்களாகவே கீழே வைத்துவிடுவார்கள்.

---

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

பனைநிழல் ஐயா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் செய்தால் போதாது என்பது என் கருத்து. நான் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவன். ஒலிப்பயிற்சி நன்றாகப் பெற்று, எந்தச் சொல்லையும் கணீரென்று வாசித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வருகிறார்கள். முன்பு தெரியாமல் ஒப்பித்தார்கள், இப்போது தெரியாமல் வாசிக்கிறார்கள்.

இந்தச் சிக்கல் நூறாண்டுப் பழையது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1920களில் வங்காளத்துப் பள்ளிகளைக் கூர்ந்து கவனித்துவிட்டு, இந்நாட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் முதல் தேவை பேச்சன்று, வாசிப்பே என்று வாதாடினார். அவர் கண்ட குறை எளியது: அக்காலத்து வாசிப்புப் பாடநூல்களில் புதுச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன, வந்த சொல் மறுபடி தலைகாட்டவே இல்லை. அவர் புதுச் சொற்களைக் குறைத்து, வந்தவற்றைத் திரும்பத் திரும்ப வரச்செய்து, பிள்ளைகள் கதையாகவே படித்துப் போகும்படி நூல்வரிசை ஒன்றை அமைத்தார். பிற்காலத்தில், 1953இல், ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட அடிப்படைச் சொற்பட்டியலையும் வெளியிட்டார்.

இன்றைய நம் பாடநூலின் உரைநடைப் பகுதி எதையாவது எடுத்து, உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத சொற்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள். சொற்றொகை பற்றி ஆய்ந்த பால் நேஷன் முதலியோரின் கணக்குப்படி, துணையின்றிப் புரிந்துகொண்டு வாசிக்க வேண்டுமானால் ஐம்பது சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் இருக்கலாகாது. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் பத்துக்கு மூன்று என்ற கணக்கில் அடிக்கோடு விழுந்தது. அப்படிப்பட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு வாசிப்பில் இன்பம் காண் என்பது, கல் பொறுக்காத அரிசியில் சோறாக்கிப் போட்டுவிட்டு ருசித்துச் சாப்பிடு என்பது போல.

ஆகவே என் ஆலோசனை: ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பு நிலைப் படக்கதையைக் கொடுங்கள், வெட்கப்பட வேண்டாம். சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன; பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன; திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டுப் பயன்படுத்தத் தடையில்லை. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும். முதலில் கதையைத் தமிழில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கதை தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பக்கத்தில் பாதி இருட்டு விலகிவிடும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் வரலாமா என்ற உங்கள் குழப்பத்துக்கும் இதுவே விடை. தமிழ் வரக் கூடாது என்பதை நான் ஏற்பதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறு தமிழ்ப் புத்தகங்களைத் தந்ததே, அவை உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும். கதை என்றால் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றும் என்ற பழக்கம் தமிழில் ஏற்பட்டிருந்தால்தான் ஆங்கிலத்திலும் கை புரட்டும். தமிழில் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்திராத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாசிப்பு ஆசையை உண்டாக்குவது, கிணறே வெட்டாமல் ஏற்றம் கட்டுகிற வேலை.

வகுப்பில் ஆங்கிலம் குறைவாகத்தானே புழங்கும் என்று கேட்பீர்கள். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணப் பட்டியலே இல்லாத பாடத்திட்டம். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம் என்று பிள்ளைகளை மூளையைச் செலவிட வைப்பது. விடை காணும் முனைப்பில் மொழி தானே உள்ளே போகும் என்பது அவர் எண்ணம். உங்கள் பையன்கள் கிரிக்கெட் பார்ப்பவர்களாக இருந்தால், ஆட்டக்காரர் பெயர்களும் ஓட்டங்களும் உள்ள ஆங்கிலப் பட்டியலை ஒரு நாள் கொண்டுபோய்ப் பாருங்கள். எழுத்தே தெரியாது என்று நீங்கள் நினைத்தவன் முதல் பெயரிலிருந்து பதினோராம் பெயர் வரை வாசிப்பான். அவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதனால் தெரிகிறது.

---

பழைய நூலகர் எழுதியது:

ஆங்கிலம் கற்பிப்பதில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பீரோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக ஆனவர். அவர் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. அதை விளக்கும்போது ஐரோப்பிய மடங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காலத்தை எடுத்துக்காட்டுவார். நம் பள்ளிகளில் சங்கிலி இல்லை, கோத்ரெஜ் பூட்டு இருக்கிறது. அவர் பிறந்த ஆகஸ்ட் 12ஐ நூலகர் நாளாகக் கொண்டாடும்போதும் பீரோ பூட்டியே இருப்பதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்.

தலைமை ஆசிரியரின் அச்சம் பொய்யன்று. இருப்புப் பதிவேட்டில் இருப்பது பீரோவில் இல்லை என்றால் கேட்பார்கள். ஆனால் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலேயே, வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து வரை தொலைவதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. மாநில அரசுப் பள்ளியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், புத்தகம் புழங்கினால் ஒன்றிரண்டு போகத்தான் செய்யும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் எடுத்துச் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், இன்ன புத்தகங்கள் வகுப்பறையில் பிள்ளைகளின் புழக்கத்துக்கு விடப்படுகின்றன என்று ஒரு தீர்மானம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்பு ஒருவர் தலையில் விழாமல் பிரிந்துவிட்டால் பூட்டு தானே திறக்கும்.

புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காதீர்கள். வகுப்பறையில் ஜன்னலுக்கு ஜன்னல் சணல் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் முன்னட்டை தெரியத் தொங்கவிடுங்கள். எழுத்து வராத பிள்ளை அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். யார் எதை எடுத்தார்கள் என்று எழுதும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பிள்ளைகளிடம் பதிவேட்டைக் கொடுத்துவிடுங்கள். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: வகுப்பில் மந்தம் என்று பெயரெடுத்த பிள்ளையிடம் பதிவேட்டைக் கொடுத்தால், ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு எல்லாப் புத்தகங்களின் பெயரும் எழுதத் தெரிந்திருக்கும். எழுதி எழுதிப் பழகிவிடும்.

---

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

நூலகர் ஐயாவின் பதிவேட்டு யோசனையை நான் திருடிக்கொள்கிறேன்.

---

வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தரம் 6 முதல் 9 வரை ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர் நான். பனைநிழல் அவர்கள் சொன்ன 'பெட்' விளையாட்டை எங்கள் பக்கத்திலும் ஆடலாம், ஆனால் எங்களுக்கு வேறு சொற்கள் வேண்டும். ஆங்கிலத்தின் 'டி' ஒலியை நாங்கள் 'ர' கொண்டு எழுதுவது வழக்கம். ஆசிரியை எங்களுக்கு 'ரீச்சர்'. ஆகவே எங்கள் பிள்ளைகளின் புத்தகங்களில் நேரத்துக்கும் 'ரைம்', எதுகைப் பாட்டுக்கும் 'ரைம்'. பரீட்சைக்கும் 'ரெஸ்ட்', ஓய்வுக்கும் 'ரெஸ்ட்'. சென்ற தவணையில் இதைப் பலகையில் எழுதியபோது ஒரு பிள்ளை, 'அதுதான் சேர், ரெஸ்ட் முடிஞ்சால் ரெஸ்ட்' என்றது. வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது.

உங்கள் திங்கட்கிழமைச் சுருக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன், ரீச்சர். இலங்கையில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பல பாடசாலைகளில் அந்த மாதம் முழுவதும் வாசிப்பின் பயன்கள் என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, சுவரொட்டிப் போட்டி எல்லாம் நடக்கும். அந்த மும்முரத்தில் பிள்ளைகள் வாசிக்க நேரம் இருக்காது. வாசித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குக் காட்ட வேண்டும் என்றால், நாமே புத்தகத்தை ஓரமாக வைத்துவிடுவோம், பிள்ளைகளைச் சொல்லி என்ன?

எங்கள் ஊர்களில் சனசமூக நிலையத்து வாசிகசாலை என்று ஒன்று இருக்கிறது. மாலையில் பெரியவர்கள் வந்து வாங்கில் இருந்து பத்திரிகை பார்ப்பார்கள். சிறுவனாக நான் அங்கே போனது வாசிக்க அல்ல, அப்பாவோடு இருக்க. என்ன வாசித்தாய் என்று அங்கே என்னை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு பத்திரிகையின் நடுப்பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டால் மிஞ்சிய பக்கம் எனக்கு. அந்த மிஞ்சிய பக்கத்தில்தான் நான் வாசிக்கப் பழகினேன். நீங்கள் பாடம் முடிந்த கடைசிப் பதினைந்து நிமிடம், ஒன்றும் திருத்தாமல், ஒன்றும் கேட்காமல், பிள்ளைகளுக்கு முன்னால் இருந்து உங்களுக்குப் பிடித்த ஒன்றை நீங்களே வாசித்துப் பாருங்கள். முதல் கிழமை சத்தமாகத்தான் இருக்கும்.

---

ஓலைக்கீற்று எழுதியது (ஏழு வாரங்களுக்குப் பின்):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னவற்றில் பலவற்றைச் செய்தேன், சிலவற்றில் தடுமாறினேன். அதையும் எழுதுவதுதான் முறை.

ஆறு எழுத்துகளில் தொடங்கி இப்போது பதினேழு ஒலிகள் வரை வந்திருக்கிறோம். நாள்தோறும் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் அதற்கு. 31 பேரில் 19 பேர் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களைத் தாங்களாகவே எடுக்கிறார்கள். ஆறு பேர் இன்னும் சொற்களின் கடைசியில் ஓர் 'உ'வைச் சேர்த்து, 'பின்னு', 'டின்னு' என்கிறார்கள். அது தமிழ் நாக்கின் இயல்பு என்று விட்டுவிட்டேன், இப்போதைக்குத் திருத்தவில்லை. மற்ற ஆறு பேர் பள்ளிக்கு வருவதே வாரத்தில் மூன்று நாள். அவர்களுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் உயரவில்லை. நான்கைந்து பேருக்குக் குறைந்தும்விட்டது. முன்பு மனப்பாடம் செய்து எழுதிய பத்திகளை இம்முறை சிலர் தாங்களாக எழுத முயன்று, எழுத்துப் பிழையால் மதிப்பெண் இழந்தார்கள். தேர்வுத்தாளைத் திருத்தும்போது அந்தப் பிழைகளைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது; அதை ஒரு பெற்றோரிடம் விளக்கிச் சொல்ல முயன்றேன், அவருக்கு அது சரியாகப் படவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மேலாண்மைக் குழுத் தீர்மானம் வேலை செய்தது. தலைமை ஆசிரியர் அறுபது புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். சணல் கயிறு இரண்டாம் நாளே பாரம் தாங்காமல் அறுந்தது. இப்போது மின் கம்பி. பதிவேடு, பக்கம் மாற்றி வாசித்தானே, அவனிடமும் இன்னொரு மாணவியிடமும் இருக்கிறது. திங்கட்கிழமைச் சுருக்கத்தை நிறுத்திவிட்டேன். கடைசிப் பதினைந்து நிமிட அமைதி வாசிப்பு, வடலி ஐயா எச்சரித்தபடியே, முதல் வாரம் சந்தைக்கடையாக இருந்தது. நான் தலையை நிமிர்த்தாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு வரிகூட மனத்தில் ஏறவில்லை.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று எழுதியாக வேண்டும். ஒரு ஆட்டுக்குட்டிப் படக்கதை, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி மட்டுமே உள்ளது, அவனுக்குப் பிடித்துப்போயிற்று. வழக்கம்போல அதையும் மனப்பாடம் செய்துவிட்டான் என்று தெரிந்தது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று, சென்ற வியாழக்கிழமை அந்தக் கதையை நானே வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். ஆறாம் பக்கத்தில், படத்தைப் பார்த்த கவனத்தில், ஆடு மலையின் மேல் 'ஏறியது' என்றிருந்த இடத்தில் 'ஓடியது' என்று வாசித்துவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து அவன் எழுந்து வந்து, புத்தகத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தில் விரலை வைத்து, "டீச்சர், இது 'ஆர்' இல்ல, 'சி'. நீங்க சொன்ன வார்த்தை இதுல இல்ல" என்றான்.

---

பனைநிழல் எழுதியது:

முதல் எழுத்திலா விரலை வைத்தான்? அப்படியானால் அவனுக்கு இனி இரண்டெழுத்து ஒரே ஒலியாகும் இடங்களைத் தொடங்கலாம்: 'எஸ் எச்', 'சி எச்', 'டி எச்'. 'டி எச்' மட்டும் கொஞ்சம் படுத்தும், ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு 'த' கையில் இருப்பதால் கிட்டத்தட்ட வந்துவிடுவான். மற்ற ஆறு பேரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். வருகைதான் சிக்கல் என்றால் அதற்கு ஒலிப்பயிற்சியில் விடை இல்லை, அவர்கள் வீட்டுக்கு ஒரு முறை போய்வாருங்கள்.

---

பழைய நூலகர் எழுதியது:

அறுபதில் எத்தனை தொலைந்தன?

---

ஓலைக்கீற்று எழுதியது:

இரண்டு, ஐயா. அதில் ஒன்று நேற்று வந்துவிட்டது, அட்டையில் மஞ்சள் கறையோடு. அம்மா அடுப்படியில் வைத்துப் படம் பார்த்தார்களாம். பதிவேட்டில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரையும் எழுதி, அவர் பெயரிலேயே இன்னொரு புத்தகம் கொடுத்து அனுப்பியிருக்கிறான் பதிவேட்டுக்காரன்.